வரித்தவர் யார்?

சாவித்திரி சத்தியவானைக் கணவனாக வரித்தாள். ஜீவானந்தம் பொதுவுடைமையைத் தம் கொள்கையாக வரித்துக்கொண்டார். இந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழில் எழுதுகிறவர் ஒரே வினைச்சொல்லைத்தான் எடுக்கிறார். தயங்குவதுகூட இல்லை. இன்னாரைக் குருவாக வரித்தார், முருகனை இஷ்டதெய்வமாக வரித்தார் என்றெல்லாம் பேச்சு சரளமாக வருகிறது. யாகசாலைக்குள் போனால் சடங்காகவே இதைப் பார்க்கலாம். யாகத்தை நடத்துகிறவர் புரோகிதர் எதிரே உட்கார்ந்து, அட்சதை போட்டு, வேட்டி அங்கவஸ்திரம் கொடுத்து, இந்தக் காரியத்துக்கு உங்களை வரிக்கிறேன் என்று சொல்லவேண்டும். அதற்கு வரணம் என்று பெயர். அது முடிகிறவரை எவ்வளவு பெரிய வேதவித்தானாலும் அவர் அங்கே வந்திருக்கும் விருந்தாளிதான்.

தேர்ந்தெடுத்தல் என்று பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல் இது. வரன், வரம், சுயம்வரம் எல்லாம் அதே குடும்பம். கோடு கிழித்தலையும் எழுதுதலையும் குறிக்கும் தனித்தமிழ் 'வரி' வேறு. ஆனால் தேர்ந்தெடுத்தல் என்று பொருள் சொல்லி நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். கடையில் புடவையைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்தலில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். யாரும் புடவையை வரிப்பதில்லை. எடுத்தபின் தன்னையும் அதற்குக் கொடுத்துவிடுகிற இடத்தில்தான் தமிழ் மனம் வரித்தல் என்கிறது. கணவன், குரு, தெய்வம், கொள்கை என்று அந்தச் சொல் விழும் இடங்கள் எல்லாமே ஆளை மாற்றிவிடக்கூடியவை.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. மனிதரை வரிப்பதும் கொள்கையை வரிப்பதும் ஒன்றேதானா? ஒன்றுக்கு உரிய விசுவாசம் மற்றொன்றுக்கும் உரியதா? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வரிக்கிறவர் உண்மையில் யார்?

மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் சாவித்திரியை நோன்புக் கதையாக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம். கணவன் உயிரை யமனிடமிருந்து மீட்டவள் என்ற முடிவுதான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. கதையின் தொடக்கம் அதைவிட வியப்பானது. மத்திர தேசத்து அசுவபதியின் மகளுக்கு இருந்த தேஜசைப் பார்த்து எந்த அரசனும் பெண்கேட்டு வரவில்லை. நீயே போய் உனக்கு ஏற்றவனைத் தேடிக்கொள் என்று தகப்பன் அனுப்புகிறான். மூத்த அமைச்சர்கள் துணைவர, தேரேறிப் போய், நாடிழந்து கண்ணிழந்து காட்டில் வாழும் துயுமத்சேனனின் மகனைக் கண்டு திரும்புகிறாள். சபையில் நாரதர் இருக்கிறார். பையனிடம் எல்லாக் குணமும் உண்டு, குறை ஒன்றே ஒன்று, இன்றிலிருந்து ஓராண்டில் இறந்துவிடுவான் என்கிறார். அசுவபதி பதறுகிறான். வேறு ஒருவனைப் பார் அம்மா என்கிறான்.

சாவித்திரியின் மறுப்பு உணர்ச்சிவசப்பட்டது அல்ல. சில காரியங்கள் ஒரே தடவைதான் நடக்கும், இதுவும் அப்படிப்பட்டது என்பது அவள் வாதம். மனத்தால் முடிவாகி, வாயால் சொல்லப்பட்டு, அப்புறம் செயலுக்கு வருகிற வரிசையில் மனம் முடித்துவிட்டது என்கிறாள். கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. சத்தியவானின் வீட்டாருக்குச் செய்தியே போகவில்லை. ஆனாலும் அவள் கணக்கில் அது நடந்து முடிந்த காரியம். ஆயுள் குறைவு என்று தெரிந்தது பொருளைப் பற்றிய புதுத் தகவல்தான், உறவைப் பற்றியது அல்ல. நாரதரும் அவள் பக்கமே நிற்கிறார்.

இதே இதிகாசத்தில் இன்னொரு பெண்ணும் மனத்தால் வரித்தாள். அவள் அம்பை. காசியில் நடந்த சுயம்வரத்திலிருந்து பீஷ்மர் மூன்று இளவரசிகளையும் தூக்கிக்கொண்டு வந்தபின், சால்வ மன்னனைத் தான் ஏற்கனவே வரித்துவிட்டதாக அவள் சொல்கிறாள். பீஷ்மர் மரியாதையாக அனுப்பிவைக்கிறார். மற்றவன் வென்று கொண்டுபோன பெண் எனக்கு வேண்டாம் என்கிறான் சால்வன். திரும்பிவந்தவளைப் பீஷ்மரும் ஏற்கமுடியாது, அவர் பிரமசரியத்தை வரித்தவர். ஒரு விரதத்தை வரித்த ஆணின் சொல்லுக்கு உலகம் முழுதும் தலைவணங்கியது. ஒரு மனிதனை வரித்த பெண்ணின் சொல்லுக்கு நிற்க இடமில்லை. வரித்தல் மனத்தில் முடிந்துவிடுகிறது என்று சாவித்திரி சொன்னது உண்மைதான். ஆனால் மனத்தில் முடிந்ததை உலகம் ஒப்புக்கொள்ளாவிட்டால் வரித்தவர் கதி என்ன ஆகும் என்பதற்கு அம்பை சாட்சி.

பழந்தமிழ் அக இலக்கணம் இந்த இடைவெளியை நன்றாக அறிந்திருந்தது. அதற்கென்றே ஒரு துறை வகுத்திருக்கிறது: அறத்தொடு நிற்றல். தலைவி ஒருவனை விரும்பிவிட்டாள், வீட்டில் வேறு இடத்துக்குப் பேசத் தொடங்குகிறார்கள். இனி மறைக்கக்கூடாது. தலைவி தோழியிடம் சொல்கிறாள். தோழி செவிலியிடம் சொல்கிறாள். செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் கொண்டுபோகிறார்கள். ஒரு பெண்ணின் மனத்துக்குள் நடந்த காரியம் நான்கு வாய்கள் வழியே வீட்டின் தலைவாசலை எட்டுகிறது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் இந்த ஒரே துறையைத்தான் விரிக்கிறது. தொண்ணூற்றொன்பது பூக்களுக்காக அந்தப் பாட்டைக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் பாட்டின் உயிர், தோழி செவிலியிடம் பேசும் அந்தப் பேச்சில் இருக்கிறது.

துறையின் பெயரைக் கவனிக்கவேண்டும். காதலை வெளிப்படுத்துவதற்கு 'அறத்தோடு நிற்பது' என்று பெயர். பெற்றோர் சொல்லுக்குக் கட்டுப்படுவதை அறம் என்று அந்த இலக்கணம் சொல்லவில்லை. மனம் ஏற்கனவே வரித்துவிட்ட பிறகு இன்னொருவனுக்குக் கொடுப்பதுதான் அறம் தவறுவது. வரித்தவளின் உள்ளமே அங்கே நீதியின் அளவுகோல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோதை, அதாவது ஆண்டாள், இந்த மரபை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போனாள். அவள் வரித்தது மனிதனை அல்ல. மானிடனுக்கு என்று தன்னைப் பேசினால்கூட உயிர்வாழ முடியாது என்று நாச்சியார் திருமொழியில் அறிவிக்கிறாள். அதன் 143 பாசுரங்களில் ஆறாம் திருமொழி முழுக்க ஒரு கனவுக் கல்யாணம். தோரணம் கட்டுவது, கூறைப்புடவை உடுத்துவது, காப்பு நாண் கட்டுவது, கையைப் பற்றுவது, தீவலம் வருவது, அம்மி மிதிப்பது, பொரி இடுவது என்று சடங்கு ஒன்று விடாமல் தோழியிடம் சொல்கிறாள். ஆழ்வார்களில் வேறு சிலர் நாயகி பாவத்தில் பாடினார்கள். பராங்குச நாயகியும் பரகால நாயகியும் ஆண்கள் பூண்ட வேடம். கோதைக்கு அது வேடம் இல்லை. பெரியாழ்வார் மகளுக்கு மாப்பிள்ளை தேடவேண்டிய வீட்டில், உண்மையான கல்யாணப் பேச்சுக்கு எதிராக எழுந்த குரல் அது. இன்றும் பங்குனி உத்திரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருக்கல்யாணம் நடக்கிறது. ஒரு பெண் தன் வாயால் சொன்னதை ஊரே ஆண்டுதோறும் நடத்திக்காட்டுகிறது.

ஆனால் அதே தமிழ்நாட்டில், தெய்வத்தின் பெயரால், வேறு கழுத்துகளில் தாலியும் ஏறியது.

பொட்டுக்கட்டுதல் என்று அதற்குப் பெயர். விவரம் தெரியாத வயதில் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்து, இறைவனுக்கு மனைவி என்று பொட்டு கட்டினார்கள். அந்தக் குழந்தை யாரையும் வரிக்கவில்லை. அவளுக்காகக் குடும்பமும் கோயில் வழக்கமும் ஊர்ப் பெரியமனிதர்களின் வசதியும் முடிவு செய்தன. வெளிப்பார்வைக்கு ஆண்டாளுக்கும் இந்தச் சிறுமிக்கும் ஒரே சொல்தான்: தேவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். எழுவாய் மாறியதும் சொல்லின் உள்ளீடு முழுக்கப் போய்விட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்ற மேலவையில் இதற்கு எதிராகப் போராடியபோது, மதத்தில் கைவைக்கிறார் என்று அவரை எதிர்த்தவர்கள் பக்திமான்களாகவே பேசினார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தக் குடும்பங்களின் உள்ளிருந்தே எழுந்து, 1936-இல் 'தாசிகளின் மோசவலை' என்ற நாவலை எழுதி, மேடை மேடையாகப் பேசினார். 1947-இல் வந்த சென்னை தேவதாசி ஒழிப்புச் சட்டம் பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கியதோடு நிற்கவில்லை. ஏற்கனவே பொட்டு கட்டப்பட்ட பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ள அது தடையே இல்லை என்றும் சொன்னது. தான் வரிக்காத கணவனிடமிருந்து அவளை விடுவித்தது என்று அதைப் படிக்கலாம். அந்தக் கணவன் கடவுளே ஆனாலும்.

ஆண்டாளின் பக்தியை மெச்சுகிறவர்கள் இந்தச் சட்டத்தையும் மெச்சக் கடமைப்பட்டவர்கள் என்றே இங்கே வாதிடவேண்டும். இரண்டையும் தாங்குவது ஒரே நியாயம்.

எழுவாய் யார் என்ற இந்தக் கேள்வி சமூகத்தோடு முடிந்துவிடவில்லை. வேதாந்தத்தின் நடுக்கூடத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவனுக்கு யமன் மூன்று வரங்கள் தருகிறான். மூன்றாவதாக, செத்தபின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்று சொல் என்கிறான் பையன். யமன் பேரம் பேசுகிறான். பிள்ளைகள், யானைகள், குதிரைகள், பொன், நீண்ட ஆயுள், தேவமாதர் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள், இதைக் கேட்காதே என்கிறான். பையன் அசையவில்லை. நன்மையானது, இனிமையானது என்ற இரண்டும் மனிதனிடம் வருகின்றன, அறிவுள்ளவன் நன்மையை வரிக்கிறான், மற்றவன் இனிமையை வரிக்கிறான் என்று யமன் அப்போது பாராட்டுகிறான். மூலத்தில் இருப்பதும் வரித்தலின் அதே வேர்தான். இங்கே மனிதன் வரிக்கிறான்.

இந்தப் பாராட்டு வரும் அதே வல்லியின் (உபநிடதப் பிரிவின்) பிற்பகுதியில், ஆன்மாவைப் பேச்சாலோ மேதையாலோ மிகுந்த கேள்வி ஞானத்தாலோ அடையமுடியாது, வரிப்பதாலேயே அடையப்படும் என்ற கருத்தில் ஒரு மந்திரம் வருகிறது. அதன் அமைப்பில் ஒரு நெகிழ்ச்சி உண்டு. யார் யாரை வரிப்பது என்பதை இரண்டு விதமாகவும் எடுக்கலாம். சாதகன் ஆன்மாவை வரிக்கிறான், அந்த வரிப்பினாலேயே அது அவனுக்குத் தெரிகிறது என்று சங்கரர் உரை சொல்கிறது. பரமாத்மா எவனை வரிக்கிறதோ அவனால் அடையப்படுகிறது என்பது ராமானுசர் கொள்ளும் பொருள். பிரியமானவனைத்தானே ஒருவர் வரிப்பார், ஆகவே இறைவனிடத்தில் பிரியம் மிக்கவனை இறைவன் வரிக்கிறான் என்று ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே அவர் இதை விளக்குகிறார். ஒரு வினைச்சொல்லின் எழுவாயை மாற்றினால் இரண்டு வேதாந்தம் பிறக்கிறது.

ராமானுசருக்குப் பின் வந்தவர்கள் இதை இன்னும் நுணுக்கமாக எடுத்துப் போனார்கள். சரணாகதியின் அங்கங்களில் ஒன்று கோப்த்ருத்வ வரணம், அதாவது நீயே காப்பாற்றவேண்டும் என்று இறைவனை வரித்துக் கேட்பது. காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், ஜீவன் தன் பங்குக்கு அதைச் செய்தாகவேண்டும் என்றார். இறைவனின் கருணை ஒரு சாக்குக்குக் காத்திருக்கிறது, அந்தச் சாக்கையாவது நாம் தரவேண்டும் என்பது அவர் நிலை. திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் அதையும் விட்டுவிடச் சொன்னார். நான் அவனை வரித்தேன் என்ற எண்ணம்கூட, இது என் முயற்சி என்ற அகந்தையாகிவிடும் என்று பயந்தார். குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கும், தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் பூனையும் இந்த விவாதத்திலிருந்து வந்த உவமைகள். வடகலை, தென்கலை என்றதும் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கு ஞாபகம் வருகிறவர்களுக்கு, அதற்கு அடியில் இத்தனை ஆழமான கேள்வி ஓடுகிறது என்பது தெரியவேண்டும்.

லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் சொல்வதில் அனுபவம் சார்ந்த ஓர் உண்மை உண்டு. பெரிய காரியத்துக்குத் தம்மைக் கொடுத்த பலரும், நான் எடுத்தேன் என்பதைவிட அது என்னை எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்வார்கள். ஆனால் பொட்டுக்கட்டிய சிறுமியை நினைத்துக்கொண்டு படித்தால் தேசிகரின் நிபந்தனை கூடுதல் பயனுள்ளது. இறைவன் உன்னை வரித்துவிட்டான் என்று ஒருவர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொள்வது பணிவு. அடுத்தவரைப்பற்றிச் சொல்வது அதிகாரம்.

கொள்கையை வரிப்பது எப்படி நடக்கவேண்டும் என்பதற்குத் தமிழில் ஒரு முழு ஏற்பாடே இருக்கிறது. சாத்தனாரின் மணிமேகலை வஞ்சி மாநகரத்துக்குப் போகிறாள். சுயம்வர மண்டபத்தில் மாலையோடு நடந்துபோகும் இளவரசியிடம் ஒவ்வோர் அரசனின் குலமும் வீரமும் வரிசையாகச் சொல்லப்படும். இங்கே ஓர் இளம்பெண் மாதவன் (தவமுனிவன்) வடிவம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று பத்துப் பேரும் தத்தம் தத்துவத்தை விரிக்கிறார்கள். முப்பது காதைகளில் இருபத்தேழாவது காதை முழுக்க இதுதான். கதைச்சுவைக்காகப் படிக்கிறவர்கள் இந்தக் காதையைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். தாண்டக்கூடாத இடம் அது.

கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன், அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி. மற்றவர்களிடம் எதிர்வாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் அவனிடம் மட்டும் வாய்திறக்கிறாள். உன் தாயும் தந்தையும் இன்னார் என்று உனக்குத் தெரிவதுகூட அனுமானத்தால்தானே என்று கேட்கிறாள். அதற்குப் பிறகும் அவள் அவசரப்படவில்லை. காஞ்சிக்குப் போய், பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருக்க நெறியையே பாடமாகக் கேட்கிறாள். எது சரியான வாதம், எது போலி வாதம் என்று கற்றபின்னரே கடைசிக் காதையில் நோன்பு ஏற்கிறாள். உதயகுமரன் என்ற அரசகுமாரன் அவளை விரும்பித் துரத்தியதும், அவன் வெட்டுண்டு இறந்ததும், அவள் மனமும் முற்பிறப்பு உறவால் அவன்பால் சாய்ந்ததும் முன்னமே நடந்த கதை. ஒருவனை மணந்திருக்கக்கூடிய பெண் ஓர் அறத்தை வரித்தாள். ஆனால் மனிதனிடம் மனம் போனது போல அறத்தின்மேல் மனம் போகவிடவில்லை. கேட்டாள், சோதித்தாள், பிறகு எடுத்தாள்.

இங்கேதான் இரண்டு வரித்தல்களும் பிரிகின்றன. சாவித்திரி சத்தியவானைச் சோதிக்கக் காத்திருக்கவில்லை, குறை தெரிந்தபின்னும் விடவில்லை, அதனால் அவளைக் கொண்டாடுகிறோம். ஒரு கொள்கையிடம் அப்படி நடந்துகொள்கிறவரை அதே அளவுக்குக் கொண்டாடமுடியுமா? மனிதர் தம் குணத்தின் தொகுப்பைவிடப் பெரியவர். ஆயுள் குறைந்தாலும் அழகு போனாலும் அவர் அவரே. கொள்கையோ தான் சொல்லும் உண்மையைத் தவிர வேறு எதுவும் இல்லை. உண்மை அதில் இல்லை என்று தெரிந்தபின்னும் பிடித்துக்கொண்டிருப்பது கற்பு ஆகாது.

திருவாமூரில் ஒரே வீட்டில் இந்த இரண்டும் நடந்தன. பெரியபுராணம் சொல்லும் திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரோடு மணம் பேசியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவர் போர்க்களத்தில் இறந்தார். தாய் தந்தையரும் போய்விட்டார்கள். அவருக்கு என்று பெற்றோர் இசைந்தபடியால் நான் அவருக்கே உரியவள் என்று உயிரை விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து கதறியதால் அவனுக்காக உயிரோடிருந்தார், வேறு மணம் செய்யாமல். பேசிவைத்த உறவைத் தம் உறவாகவே எடுத்துக்கொண்டவர் அவர். அந்தத் தம்பியோ சமணம் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை பெற்று, சூலைநோய் வந்து, திருவதிகையில் அக்காவிடம் நீறு வாங்கிப் பூசிக்கொண்டு சைவத்துக்குத் திரும்பினார். திருநாவுக்கரசர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அக்காள் மாறாததற்காகப் போற்றப்படுகிறார், தம்பி மாறியதற்காகப் போற்றப்படுகிறார். சேக்கிழாருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. சமணத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே அவர் வரித்ததைக் கைவிட்டவர்.

தொடக்கத்தில் வந்த ஜீவானந்தமும் அப்படித்தான் நடந்துவந்தார். காந்தியம், சுயமரியாதை இயக்கம், காங்கிரஸ் சோஷலிசம், பிறகு கம்யூனிசம் என்று வழி மாறிக்கொண்டே வந்தது. ஏழையின் பக்கம் என்பது மட்டும் மாறவில்லை. அவர் வரித்தது அதைத்தான் என்றால், கட்சிகள் வழியில் வந்த ஊர்கள்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் வரித்தலுக்கு முன்னான காத்திருப்பு மட்டும் இருபத்தொரு வருடம். 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். விலகுவது முடிவாகிவிட்டது. எங்கே போவது என்பது முடிவாகவில்லை. பல சமயத்தார் அவரை அழைத்தார்கள், அவரும் பல சமயங்களை ஆராய்ந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். பர்மியப் பிக்கு சந்திரமணியிடம் மும்மணிச் சரணமும் பஞ்சசீலமும் ஏற்றார், மனைவி சவிதாவும் உடன் ஏற்றார். பிறகு திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே இருபத்திரண்டு உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். அந்த உறுதிமொழிகளின் வடிவம் முக்கியமானது. ஒவ்வொன்றையும் தன்மை ஒருமையில், நான் இதைச் செய்வேன், இதைச் செய்யமாட்டேன் என்று ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்லவேண்டும். கூட்டம் லட்சக்கணக்கில், எழுவாய் மட்டும் ஒருமை. அதற்குப் பின் இரண்டு மாதம்கூட அவர் உயிரோடில்லை.

அவருக்கு அரைநூற்றாண்டுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தினார். 1907-இலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழில் வாரம் தவறாமல் எழுதினார். ஆனால் அவர் இதைப் புதிதாக ஒன்றை வரித்ததாகவே பேசவில்லை. நம் முன்னோர் பூர்வ பௌத்தர்கள், பறிபோனதை மீட்கிறோம் என்றார். தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வதைவிட எனக்கு உரியதைத் திரும்ப எடுத்தேன் என்று சொல்வதில் தனியான ஒரு மானம் இருக்கிறது. குனிந்து வேறு வாசலில் நுழையவேண்டிய அவசியத்தை அது ஏற்படுத்தவில்லை.

திருமணமும் கொள்கையும் ஒரே நாளில், ஒரே மேடையில் வரிக்கப்பட்ட இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மணமக்கள் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். கடவுளை மறுத்தவர்கள் நடத்திய அந்தச் சடங்கு, வரித்தலின் மிகப் பழைய பொருளைத்தான் மீட்டது: வேறு யாரும் வரித்துக்கொடுக்காமல் தானே வரித்தல். தமக்குப் புரிகிற மொழியில் சொல்வது அதன் உயிர்நாடி. என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் திருப்பிச் சொல்லும் வாக்குறுதி வரித்தலில் சேராது.

அதற்கு அந்தத் தம்பதிகள் கொடுத்த விலை சின்னதில்லை. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த முறைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கால் நூற்றாண்டாக இப்படி மணந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கேள்விக்குறியாயிற்று. அம்பையின் நிலை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வந்தது: மனத்தால் வரித்து, ஊரறியச் சொல்லி, சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள். 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர் அல்லது நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் நிறைவுறும். முன்பு நடந்தவைக்கும் அது செல்லும் என்று பின்னோக்கியும் உரிமை தந்தது.

பிரச்சினை அதோடு தீரவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் நாலு பேர் முன்னிலையில் ரகசியமாக நடக்கும் திருமணம் இந்தப் பிரிவில் சேராது என்று 2014-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பலர் அறிய அறிவிக்கவேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை, வீட்டாரின் எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் இணையர்கள் ஊரைக் கூட்டி அறிவிக்க இயலாமல் போகலாம், அப்படிக் கட்டாயப்படுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று விளக்கியது. சாதி மாறி மணந்ததற்காகப் பிள்ளைகளை வெட்டிச் சாய்க்கும் செய்திகள் இன்னும் வந்துகொண்டிருக்கும் மாநிலத்தில் அந்தத் தீர்ப்பு யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் தலைவியின் சொல்லைத் தலைவாசல்வரை எடுத்துப்போகும் தோழியும் செவிலியும் இல்லை. இரண்டு சாட்சிகளும் ஒரு பதிவேடும் இருக்கின்றன.